பரவைக்கும் பாவைக்கும் நடுவே ஒரு கேபிள்

ஒரு கேபிளுக்கு இவ்வளவு நீளமாக மதிப்புரை எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. கேபிளின் நீளம் 1.8 மீட்டர்தான். லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்குப் படம் கொண்டுபோகிற கேபிள்: லேப்டாப்பில் செருகும் முனை டைப்-சி, மானிட்டரில் செருகும் முனை டிஸ்ப்ளேபோர்ட். கறுப்பு நிறம், நூல் பின்னிய உறை, சொல்லிக்கொள்ளும்படியான பிராண்டு எதுவும் கிடையாது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் குவிந்திருக்கும் ரிச்சி தெருவில் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கி நாலு மாதம் ஆகிறது. இதை வாங்குவதற்கு முன்னால் வேறு என்னென்ன வாங்கி ஏமாந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் இதன் அருமை புரியும்.

நான் மெய்ப்புப் பார்க்கிறவள். பதிப்பகங்கள் பிடிஎஃப் அனுப்பும், பிழை குறித்துத் திருப்பி அனுப்புவேன். திருவல்லிக்கேணியில் வீடு, வீட்டிலேயேதான் வேலை. நவம்பர், டிசம்பர் என்றால் தலைக்கு மேல் வேலை இருக்கும். சென்னைப் புத்தகக் காட்சிக்கு முன்னால் எல்லாப் பதிப்பகத்துக்கும் எல்லாப் புத்தகமும் அச்சுக்குப் போயாக வேண்டும். போன வருடம் அந்த நெரிசலில் ஒரு சரித்திர நாவல் பார்த்தேன். புத்தகம் வந்த பிறகு பதிப்பாளர் கூப்பிட்டார்.

"என்னங்க, 84ஆம் பக்கத்துல கடல் நடந்து வருது?"

எடுத்துப் பார்த்தேன். 'தோழியர் சூழப் பரவை மெல்ல நடந்து வந்தாள்' என்று இருந்தது. பாவை வர வேண்டிய இடம். பரவை என்றால் கடல். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் வித்தியாசம், ரகரத்தின் அடியில் இருக்கும் அந்தச் சின்னக் கோடுதான். 14 அங்குல லேப்டாப்பில், ராத்திரி பதினோரு மணிக்கு, என் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. பதிப்பாளர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் மானிட்டர். 27 அங்குலம், 4கே, 24,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. வாங்குவதற்கு முன் ஸ்கேலை வைத்துக் கணக்குப் போட்டேன். 27 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர், உயரம் 33.6. ஏ4 தாளின் உயரம் 29.7. அதாவது ஏ4 பக்கத்தை உண்மையான அளவிலேயே, மேலே கீழே வெட்டாமல், இரண்டு பக்கமாக அருகருகே வைத்துப் பார்க்கலாம். நாவல்கள் பெரும்பாலும் வருகிற, ஏ4ஐ விடச் சிறிய டெம்மி அளவு என்றால் கேட்கவே வேண்டாம், தாராளமாக இடம். மானிட்டரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கோளாறெல்லாம் லேப்டாப்புக்கும் மானிட்டருக்கும் நடுவில் இருந்த அரை அடி தூரத்தில்தான்.

முதல் நாள் மானிட்டரோடு வந்த எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினேன். படம் வந்தது. எழுத்தைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. மூன்று சுழி ணகரத்தின் நடுச்சுழி ஈரத் தாளில் மை ஊறியது மாதிரி இருந்தது. மெய்யெழுத்துகளின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சின்னத் திரையிலேயே இதைவிட நன்றாகத் தெரிந்ததே! 24,000 கொடுத்துப் பெரிய மங்கலை வாங்கிவிட்டோமா என்று தோன்றியது.

அப்புறம் யோசித்துப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. என் லேப்டாப் திரை 1920க்கு 1080. 14 அங்குலத்தில் அத்தனை புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்கு 157 புள்ளி. அதே 1920க்கு 1080 படத்தை 27 அங்குலத்தில் விரித்தால் அங்குலத்துக்கு 82தான். நெருக்கம் பாதியாகிவிட்டது. மானிட்டரால் 3840க்கு 2160 காட்ட முடியும், அதைத்தான் 4கே என்கிறார்கள். அப்போது அங்குலத்துக்கு 163 புள்ளி வரும், லேப்டாப்பை விடக் கொஞ்சம் அதிகம். ஆனால் என் செட்டிங்ஸில் அந்த எண்ணே பட்டியலில் இல்லை. 1920க்கு 1080க்கு மேல் எதுவும் காட்டவில்லை.

அக்கா மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். போனில் பிடித்தேன்.

"சித்தி, ரெண்டு திரையிலயும் ஒண்ணேதானே தெரியுது?"

"ஆமாம்டா."

"அதான். டூப்ளிகேட்ல இருக்கு. விண்டோஸ் கீயைப் பிடிச்சுக்கிட்டு 'பி' (P) அழுத்துங்க. எக்ஸ்டெண்ட் போடுங்க."

போட்டேன். பட்டியலில் 3840க்கு 2160 வந்து உட்கார்ந்தது. இரண்டு திரையும் ஒரே படத்தைக் காட்ட வேண்டும் என்றால், இரண்டுக்கும் ஒத்துவருகிற அளவுக்குத்தான் போக முடியும். லேப்டாப் திரை 1080தான் தாங்கும் என்பதால் மானிட்டரையும் அது கீழே இழுத்து வைத்திருந்தது. பந்தியில் மெதுவாகச் சாப்பிடுகிறவருக்காக எல்லோரும் இலையை மூடாமல் காத்திருப்பது மாதிரி. மானிட்டர் வாங்கி, மங்கலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் இந்த 'பி'யை ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுங்கள். காசு செலவில்லை.

இடையில் ஒரு கேள்வி வரும் என்று தெரியும்: வீட்டில் டிவி இருக்கிறதே, அதிலேயே போட்டிருக்கலாமே? போட்டேன். மானிட்டர் வாங்குவதற்கு முந்திய வாரம் அதைத்தான் செய்தேன். படம் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுப்பட்டது. கீழே பக்க எண்ணைக் காணோம், மேலே அத்தியாயத் தலைப்பில் பாதியைக் காணோம். பழைய குழாய் டிவிகளில் ஓரம் ஒழுங்காகத் தெரியாது என்பதால் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை மறைப்பார்களாம். அந்தப் பழக்கம் தட்டை டிவி வந்த பிறகும் போகவில்லை. டிவியின் பட மெனுவில் 'ஸ்கிரீன் ஃபிட்' என்றோ 'ஜஸ்ட் ஸ்கேன்' என்றோ ஒன்று இருக்கும், அதைப் போட்டால் சரியாகிவிடும். ஆனால் சோபாவில் உட்கார்ந்துகொண்டு எட்டடி தூரத்தில் சந்திப்பிழை பார்க்க முடியாது. சீரியல் நேரத்தில் மாமியாரிடம் ரிமோட் கேட்கவும் முடியாது.

சரி, மானிட்டருக்கு வருவோம். 4கே வந்துவிட்டது, எழுத்து வைரம் மாதிரி. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு கைக்குப் பின்னால் வந்தது. பக்கத்தை உருட்டினால் வரிகள் தடதடவென்று தாவின. முதல் நாள் பொறுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் கண்ணுக்குப் பின்னால் வலி. மெய்ப்புப் பார்ப்பது என்றால் நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருப்பதுதானே.

செட்டிங்ஸில் டிஸ்ப்ளேவுக்குள் போய் 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் இரண்டு வரி இருக்கும்: 'டெஸ்க்டாப் மோட்', 'ஆக்டிவ் சிக்னல் மோட்'. முதலாவது விண்டோஸ் வரைகிற படத்தின் அளவு. இரண்டாவது கேபிள் வழியாக உண்மையிலேயே போகிற அளவு. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எழுத்து கூர்மையாக இருக்கும். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன, ஆனால் பக்கத்தில் 30 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 30 தடவைதான் படம் மாறுகிறது. 60 வேண்டும். கீழே இருந்த பட்டியலில் 60 இல்லவே இல்லை.

இங்கேதான் காசு கரைய ஆரம்பித்தது.

கேபிள்தான் மட்டம் என்று நினைத்து, '8கே, 2.1, அல்ட்ரா' என்று அட்டை முழுக்கப் பெருமை எழுதிய எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றை 650 ரூபாய்க்கு வாங்கினேன். அதே 30. அடுத்து, லேப்டாப்பின் எச்டிஎம்ஐ வேண்டாம், டைப்-சி வழியாகப் போவோம் என்று ஆன்லைனில் ஒரு ஹப், அதாவது ஒரு துளையைப் பல துளையாக்கித் தருகிற கருவி. ஏழு துளை, அலுமினியப் பெட்டி, 1,899 ரூபாய். முன்பக்கம் கட்டைவிரல் உயரத்துக்கு '4கே' என்று போட்டிருந்தது. செருகினேன். அதே 30. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவில் '30 ஹெர்ட்ஸ்'. பிழை பார்த்துப் பிழைக்கிறவள் பொடி எழுத்தைப் படிக்காமல் பொருள் வாங்கியிருக்கிறேன். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஹெர்ட்ஸ் கிடைக்கவில்லையா, ரெசல்யூஷனையாவது குறைப்போம் என்று 2560க்கு 1440 வைத்துப் பார்த்தேன். 60 வந்தது, மவுஸ் ஓடியது. ஆனால் எழுத்து திரும்ப மங்கியது. 3840ஐ 2560ஆல் வகுத்தால் ஒன்றரை. ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக எப்படி வரைவது? பக்கத்துப் புள்ளிக்குக் கொஞ்சம் சாயம் பூசித்தான் சமாளிக்கும். துணைக்காலின் ஓரமெல்லாம் சாம்பல் பூத்தது. பரவை, பாவை, இரண்டும் ஒன்று.

அந்த வாரத்தில் எங்கள் பகுதியில் இருக்கும் ஒரு சர்வீஸ் கடைக்கும் போனேன். பெயர் வேண்டாம். டிரைவரை (திரையில் படம் வரவைக்கும் மென்பொருளை) அழித்துப் புதிதாகப் போட்டு 600 ரூபாய் வாங்கினார்கள், இரண்டு நாள் லேப்டாப்பை வைத்துக்கொண்டார்கள். ஒன்றும் மாறவில்லை என்றதும் "மதர்போர்டுல கிராபிக்ஸ் வீக் ஆயிடுச்சு மேடம், மாத்தணும்னா 8,500 ஆகும்" என்றார்கள். அதே லேப்டாப்பில் அவ்வளவு பளிச்சென்று 4கே வருகிறதே, வீக் ஆன கிராபிக்ஸ் எப்படி வரையும் என்று கேட்டேன். "அது அப்படித்தான் மேடம்." அந்த இரண்டு நாளில் பார்த்திருக்க வேண்டிய பக்கங்களை அடுத்த இரண்டு ராத்திரியில் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை போனால் பெரும்பாலும் இழுத்து மூடியிருக்கும். மவுண்ட் ரோடு பக்கமிருந்து உள்ளே நுழைந்தால் ஆளுக்கு ஆள் 'என்ன வேணும் மேடம், லேப்டாப்பா, சிசிடிவியா' என்று கேட்பார்கள். பதில் சொல்லாமல் நடந்தால் பிழைத்தோம். மாடிப்படி ஏறிப் போகிற ஒரு கடை, ஓர் ஆள் நீட்டிப் படுத்தால் சுவர் இடிக்கும் அகலம். சுவர் முழுக்கக் கேபிள்கள், பந்தல்காரர் வீட்டுக் கயிறு மாதிரி. நாலைந்து பேர் சொன்ன கடை அது.

கடைத் தம்பிக்கு 25 வயது இருக்கும். நான் கதையைத் தொடங்கியதுமே நிறுத்தினான்.

"அக்கா, லேப்டாப் எந்த வருஷம்?"

"2018."

"எட்டாவது ஜெனரேஷன் இன்டெல்லா? அதோட எச்டிஎம்ஐ 1.4தான் இருக்கும். அதுல 4கேன்னா 30தான். நீங்க தங்கத்துல கேபிள் போட்டாலும் 30தான்."

பிறகு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3840ஐ 2160ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. 1080 திரையைப் போல் சரியாக நாலு மடங்கு. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட், விநாடிக்கு 60 தடவை. பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 12 கிகாபிட். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 வழியாக உண்மையில் போகக்கூடிய படத் தகவல் எட்டு கிகாபிட் சொச்சம்தான். 2013இல் வந்த 2.0இல்தான் 4கேக்கு 60 கிடைத்தது. கேபிளில் என்ன எண் அச்சடித்திருந்தாலும், லேப்டாப்பின் துளை எந்தக் காலத்துத் துளையோ அந்தக் காலத்து வேகம்தான். என் 650 ரூபாய் அங்கே போனது.

"சரி தம்பி, ஹப்பு டைப்-சிலதானே போட்டேன்? அதுல ஏன் வரலை?"

லேப்டாப்பை வாங்கி, டைப்-சி துளைக்குப் பக்கத்தில் கைபேசி வெளிச்சம் அடித்துப் பார்த்தான். 'டி' (D) எழுத்துக்குள் 'பி' (P) புகுந்த மாதிரி ஒரு சின்னக் குறி. ஆறு வருடமாகத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், பார்த்ததில்லை. "இது இருந்தா படம் போகும். மின்னல் குறி இருந்தாலும் பெரும்பாலும் போகும். ரெண்டும் இல்லாம, வெறும் துளையா இருந்தா, படம் போகாமலும் இருக்கலாம். ஸ்பெக் பாத்துட்டுத்தான் வாங்கணும்" என்றான். அப்புறம் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

"டைப்-சிக்குள்ள வேகமான பாதை நாலு இருக்குக்கா. உங்க ஹப்புல பென் டிரைவுக்கு, கார்டுக்குன்னு யூஎஸ்பி 3.0 துளை இருக்கில்ல? அதுக்குன்னு ரெண்டு பாதையை எடுத்து வெச்சிரும். மிச்சம் ரெண்டுலதான் படம் போகணும். ஆற்காடு ரோட்டுல மெட்ரோ வேலைக்குப் பாதி ரோட்டை அடைச்சு வெச்ச கதைதான். நீங்க பென் டிரைவே போடலைன்னாலும் அந்த ரெண்டு பாதை அடைச்சேதான் இருக்கும்."

என் லேப்டாப்பின் டைப்-சி பேசுவது டிஸ்ப்ளேபோர்ட் 1.2. அதில் ஒரு பாதைக்கு உருப்படியாக 4.32 கிகாபிட். இரண்டு பாதை என்றால் 8.64. எனக்கு வேண்டியது 12. நாலு பாதையும் கிடைத்தால் 17.28, தாராளம். இந்தக் கேபிள் வேறு துளை எதுவும் வைத்துக்கொள்ளாமல் நாலு பாதையையும் படத்துக்கே விட்டுவிடுகிறது. விஷயம் இவ்வளவுதான். புது லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 இருந்து, ஹப்பும் அதற்கேற்றதாக இருந்தால், இரண்டு பாதையிலேயே 12.96 வரும், மயிரிழையில் 4கே 60 போய்விடும். அதனால் பக்கத்து வீட்டில் ஒருத்தருக்கு ஹப்பில் 60 வருகிறது என்பதற்காக உங்களுக்கும் வரும் என்று நம்பிவிடாதீர்கள்.

கடையில் ஒரு 4கே மானிட்டர் மூலையில் இருந்தது. கேபிளைப் பிரித்து, என் லேப்டாப்பிலேயே செருகிக் காட்டினான். 3840க்கு 2160, 60 ஹெர்ட்ஸ். நான் கையோடு ஒரு பிடிஎஃப் கொண்டுபோயிருந்தேன். ஆறு பாயின்ட் எழுத்தில் மனம், மணம், பரவை, பாவை, அரவம், அரவாம் என்று நானே தட்டச்சு செய்த சோதனைப் பக்கம். திறந்து, உருட்டி, மூக்கு திரையில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். இரண்டு சுழி, மூன்று சுழி, தனித்தனியாக எண்ண முடிந்தது. ரகரத்தின் அடிக்கோடு தெரிந்தது. தம்பி என்னை விசித்திரமாகப் பார்த்தான். பில் போடச் சொன்னேன். ஆறு மாத வாரண்டி, கையால் எழுதிய பில், 1,300 சொன்னதை 1,150க்குக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து செருகினால், 30 ஹெர்ட்ஸ்.

அழுதுவிடலாம் போலிருந்தது. போன் பண்ணினேன். அவன் பதறவே இல்லை. "அக்கா, மானிட்டர் பின்னாடி பட்டன் இருக்கும் பாருங்க. மெனுவுல டிஸ்ப்ளேபோர்ட் வெர்ஷன்னு ஒண்ணு இருக்கா? 1.1னு இருந்தா 1.2க்கு மாத்துங்க." தேடினேன். நாலாவது மெனுவில் 'இதர' என்ற மாதிரி ஓர் ஓரத்தில் இருந்தது, 1.1 என்று. மாற்றினேன். திரை ஒரு தடவை அணைந்து எரிந்தது. பட்டியலில் 60 வந்தது. எல்லா மானிட்டரிலும் இந்த அமைப்பு இருக்காது. என்னுடையதில் இருந்தது, தொழிற்சாலையிலிருந்தே பழைய கணக்கில் வந்திருந்தது.

இனி கேபிளின் குறைகள். மதிப்புரை என்றால் அதுவும் வேண்டுமே.

ஒன்று, விறைப்பு. பின்னல் உறை பார்க்க அழகு, வளைக்க முரடு. என் மேசை சுவரை ஒட்டி இருக்கிறது. மானிட்டருக்குப் பின்னால் கேபிள் வளையவே நாலு விரல் இடம் விட வேண்டியிருக்கிறது. அந்த விறைப்பில் லேப்டாப் பக்க முனை லேசாகக் கீழே சாய்ந்து நிற்கிறது. டைப்-சி துளை தளர்ந்துவிடுமோ என்று பயந்து, அடியில் ஒரு பழைய அழிப்பானை முட்டுக்கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, டிஸ்ப்ளேபோர்ட் முனையில் இருக்கிற கொக்கி. மேலே உள்ள பித்தானை அமுக்கிக்கொண்டுதான் இழுக்க வேண்டும். தெரியாமல் இழுத்தால் மானிட்டரே கூட வரும். அப்புறம், இது ஒருவழிப் பாதை. லேப்டாப்பிலிருந்து மானிட்டருக்குத்தான் படம் போகும், திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. இந்தக் கேபிள் வழியாக லேப்டாப்புக்குச் சார்ஜும் ஏறாது. எனக்குத் தனிச் சார்ஜர் துளை இருப்பதால் கவலையில்லை. உங்கள் லேப்டாப்பில் இருப்பதே ஒரே ஒரு டைப்-சி என்றால் இது உங்களுக்கு ஆகாது.

பெரிய தொல்லை கரண்ட் போகும்போது. லேப்டாப் பேட்டரியில் ஓடும், மானிட்டர் அணையும். உடனே விண்டோஸ், மானிட்டர் ஊரை விட்டே போய்விட்டது என்று நினைத்து, திறந்திருந்த எல்லாவற்றையும் லேப்டாப் திரைக்கு அள்ளிப் போட்டுவிடும். கரண்ட் வந்ததும் பாதி திரும்பும், பாதி திரும்பாது. விண்டோஸ் 11இல் 'மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்' என்பதற்குள், மானிட்டர் இணைப்பை வைத்து ஜன்னல்களின் இடத்தை நினைவில் வைத்துக்கொள் என்று ஒரு வசதி இருக்கிறது. டிக் போட்ட பிறகு பரவாயில்லை. இரண்டு தடவை கரண்ட் வந்த பிறகு 4கே திரும்பாமல் ஏதோ பழைய காலத்து அளவில் பொம்மை பொம்மையாக நின்றது. கன்ட்ரோல், ஷிஃப்ட், விண்டோஸ் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' அழுத்தினால், முன்னால் சொன்ன பி அல்ல, இது ஆங்கில அகரவரிசையின் இரண்டாவது எழுத்து, 'பீப்' என்று ஒரு சத்தம் வந்து திரை கறுத்து மீளும். கிராபிக்ஸ் டிரைவரை அது எழுப்பிவிடுகிறது. ஒரு தடவை அதில் சரியானது. மறுதடவை கேபிளைப் பிடுங்கிச் செருக வேண்டியிருந்தது.

இது ஏன் என்று அக்கா மகன் ஒரு விளக்கம் சொன்னான். ஒவ்வொரு மானிட்டருக்கும் உள்ளே ஒரு ஜாதகம் இருக்கிறதாம். பெயர் ஈடிஐடி, அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். தயாரிப்பாளர் யார், எந்த அளவெல்லாம் தாங்கும் என்பது அதில் இருக்கும். லேப்டாப் முதலில் ஜாதகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எந்த ரெசல்யூஷன் என்று முடிவு செய்யும். ஜாதகம் வந்து சேரவில்லையென்றால் எதற்கு வம்பு என்று ஒரு பத்திரமான சின்ன அளவைப் போட்டுவிடும். இதைக் கேட்டதும் ஒரு பதிப்பக அலுவலகத்தில் பார்த்த பழைய விஜிஏ (எச்டிஎம்ஐக்கு முந்திய இணைப்பு வகை) மானிட்டர் ஞாபகம் வந்தது. வருடக்கணக்கில் 1024க்கு 768இலேயே நின்றுகொண்டிருந்தது, ஆள் ஆளுக்கு விண்டோஸைத் திட்டினார்கள். விஜிஏவின் 15 கம்பிகளில் 12ஆவதும் 15ஆவதும்தான் ஜாதகம் கொண்டுபோகிறவையாம். அவற்றில் ஒன்று வளைந்தாலோ, மலிவுக் கேபிளில் அந்தக் கம்பியே இல்லாவிட்டாலோ, படம் வரும், ஜாதகம் வராது. அவர்களுக்குப் போன் செய்து, பிளக்கைக் கழற்றிக் கம்பிகளைப் பாருங்கள் என்றேன். ஒரு கம்பி படுத்துக் கிடந்தது.

இன்னும் ஒன்று, கேபிள் தீர்க்காத பிரச்சினை. 4கேயில் எல்லாம் பொடியாகத் தெரியும் என்பதால் விண்டோஸ் 150 சதவீதம் பெரிதாக்கிக் காட்டும். பிடிஎஃப் திறக்கிற மென்பொருளெல்லாம் இதற்குப் பழகியவை, கூர்மையாக இருக்கும். ஆனால் தமிழ்ப் பதிப்புலகில் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்னும் சாகவில்லை. பழைய எழுத்துருவில் அடுக்கிய கோப்பைத் திறந்து நேராகத் திருத்திக் கொடுங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பேஜ்மேக்கர் பிறந்த காலத்தில் இந்த 150 சதவீதமெல்லாம் கிடையாது. அதனால் விண்டோஸ் அதைச் சின்னதாக வரைந்து, போட்டோவைப் பெரிதாக்குவது மாதிரி இழுத்துக் காட்டுகிறது. மறுபடியும் மங்கல். மென்பொருளின் ஐகானை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அதற்குள் 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய், கடைசிக் கட்டத்தில் டிக் வைத்து 'அப்ளிகேஷன்' என்று தேர்ந்தெடுத்தேன். எழுத்து கூர்மையாகிவிட்டது. மெனுவெல்லாம் கடுகளவு ஆகிவிட்டது. எனக்கு மெனு எதற்கு? இருபது வருடமாகக் கீபோர்டு குறுக்குவழியில்தான் ஓட்டுகிறேன்.

இப்போது என் மேசையில் இரண்டு டெம்மி பக்கங்கள் அருகருகே, அச்சில் வரப்போகிற அளவை விடக் கொஞ்சம் பெரிதாக நிற்கின்றன. ராத்திரி பதினோரு மணிக்கும் ரகரத்தின் காலடிக் கோடு தெரிகிறது. போன மாதம் ஒரு சமையல் புத்தகத்தில் 'கறி மணக்க மணக்க' என்பது 'கறி மனக்க மனக்க' என்று வந்திருந்ததை, உருட்டிக்கொண்டே போகிற வேகத்திலேயே பிடித்தேன்.

வாங்கலாமா? லேப்டாப்பின் டைப்-சிக்குப் பக்கத்தில் அந்த 'டி'க்குள் 'பி' குறியோ மின்னலோ இருந்து, மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் துளையும் இருந்தால் வாங்கலாம். 1080 மானிட்டர்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம், இருக்கிற எச்டிஎம்ஐயிலேயே 60 வரும். முடிந்தால் ஆன்லைனில் வாங்காமல், லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், செருகிப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரரே செருகிக் காட்டத் தயாராக இல்லையென்றால் அடுத்த கடைக்கு நடங்கள், ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்.

ஹப்பைத் திருப்பி அனுப்பும் தேதி தாண்டிவிட்டது. பென் டிரைவ் செருக மட்டும் பயன்படுகிறது, அதற்கு 1,899 ரூபாய் கொஞ்சம் அதிகம். அக்கா மகன் கண் வைத்திருக்கிறான். அவனுடைய மானிட்டர் 1080தானாம், அதற்கு இந்த ஹப்பே போதுமாம். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறேன்.